மூளையின் அளவும் வளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையைப் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் அளவிலிருந்தே தொடங்குகின்றன. பெரியதா, சிறியதா, எத்தனை கிராம், தலை எத்தனை சென்டிமீட்டர்? அளவு ஒரு தடயம்தான். எந்த வாரத்தில், எந்த வயதில் மூளைக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போனது என்பதுதான் நான் முக்கியமாகக் கருதும் கேள்வி. கீழே உள்ள பதில்கள் பலவும் அந்தக் காலக்கணக்குக்கே திரும்பி வருவதைப் பார்ப்பீர்கள்.

பெரிய மூளை என்றால் அதிக அறிவு என்று பொருளா?

இல்லை. வளர்ந்த மனிதரின் மூளை சராசரியாக 1,300 முதல் 1,400 கிராம் இருக்கும். யானையின் மூளை 4.5 கிலோவுக்கும் மேல். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூளை 8 கிலோவை நெருங்குகிறது. எடைதான் கணக்கு என்றால் மனிதன் பந்தயத்திலேயே இல்லை.

எடைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிரேசில் நாட்டு நரம்பியல் அறிஞர் சுசானா ஹெர்குலானோ-ஹௌசல், மூளைத் திசுவைக் கரைத்து அதிலுள்ள உயிரணுக் கருக்களை எண்ணும் எளிய முறை ஒன்றை உருவாக்கினார். 2009-இல் அவர் குழு வெளியிட்ட கணக்கின்படி மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. யானைக்கு அதைப்போல மூன்று மடங்கு உண்டு. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பான்மை சிறுமூளையில் குவிந்திருக்கின்றன. சிந்தனைக்கும் திட்டமிடலுக்கும் அடிப்படையான, பெருமூளையின் வெளி அடுக்கான புறணியில் யானைக்கு இருப்பவை சுமார் 560 கோடி. மனிதனுக்கோ சுமார் 1,600 கோடி.

மனிதர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஸ்கேனில் அளந்த மூளைக் கொள்ளளவுக்கும் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது மெலிந்த தொடர்பு. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது ஒட்டுறவுக் கெழு 0.24 என்ற அளவில் வந்தது. அதாவது, ஆளுக்கு ஆள் மதிப்பெண் வேறுபடுவதில் 6 சதவீதத்தை மட்டுமே அளவைக் கொண்டு விளக்க முடியும். ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2 கிலோவைத் தாண்டியது. 1921-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அனத்தோல் பிரான்சின் மூளை 1 கிலோவைச் சற்றே தாண்டியது. ஐன்ஸ்டைனுக்கு 1,230 கிராம். இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே போதுமான பதில்.

இந்தக் கேள்விக்குக் கசப்பான கடந்தகாலமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளில் முதலில் விதைகளையும் பிறகு ஈயக் குண்டுகளையும் நிரப்பி அளந்தார். அந்த அளவுகளைக் கொண்டு மனித இனங்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினார். அந்த வரிசை அடிமைமுறையை ஆதரித்தவர்களுக்கு ஆயுதமாகப் பயன்பட்டது. தலையை அளப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆண்களின் மூளை பெரியது என்கிறார்களே?

சராசரியில் 10 சதவீத அளவுக்குப் பெரியது. உடலும் சராசரியில் பெரியதுதான். சராசரி நுண்ணறிவில் வேறுபாடு இல்லை.

மூளை எப்போது உருவாகத் தொடங்குகிறது?

பலர் நினைப்பதைவிட மிக முன்னதாக. கருவுற்ற மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப்பக்கத்தில் ஒரு தட்டையான படலம் தோன்றுகிறது. அதன் இரு ஓரங்களும் எழும்பி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகின்றன. இந்த நரம்புக் குழாயின் ஒரு முனை மூளையாகவும் எஞ்சிய நீளம் தண்டுவடமாகவும் ஆகும். 28-ஆம் நாள் வாக்கில் குழாய் முழுவதும் மூடியிருக்க வேண்டும். கீழே மூடாமல் போனால் முதுகுத்தண்டுப் பிளவு ஏற்படும். மேலே மூடாமல் போனால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாவதில்லை. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை.

28-ஆம் நாளில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். 1991-இல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பன்னாட்டு ஆய்வு, ஏற்கெனவே இந்தக் குறையுடன் குழந்தை பெற்ற தாய்மாரிடம் ஃபோலிக் அமிலம் அடுத்த கர்ப்பத்தில் அந்த ஆபத்தை 72 சதவீதம் குறைத்ததைக் காட்டியது. பொதுவான அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். முன்பு பாதிப்பு இருந்தவர்களுக்கு இதைவிடப் பல மடங்கு தேவைப்படும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

குழாய் மூடிய பிறகு நரம்பணுக்கள் பெருகும் காலம் வருகிறது. குழாயின் உட்சுவரில் பிறக்கும் அணுக்கள், தாங்கு அணுக்களின் நீண்ட இழைகளைக் கொடிக்கம்பாகப் பற்றி மேலேறிப் புறணியில் தங்களுக்குரிய அடுக்கில் போய் அமர்கின்றன. பின்னால் வருபவை முன்னால் வந்தவற்றைத் தாண்டி மேல் அடுக்குக்குச் செல்கின்றன. வாழ்நாள் முழுவதும் நாம் பயன்படுத்தப் போகும் புறணி நரம்பணுக்களில் பெரும்பாலானவை கர்ப்பத்தின் ஆறேழு மாதங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. கடைசி மூன்று மாதங்களில் மடிப்புகள் ஆழமாகின்றன.

பிறக்கும்போது மூளை 350 முதல் 400 கிராம். இரண்டு வயதில் வளர்ந்தவர் அளவில் முக்கால் பங்கைத் தாண்டிவிடும். ஆறு வயதில் 90 சதவீதம். பிறந்த பிறகு கூடும் எடையில் பெரும்பகுதி புதிய நரம்பணுக்களால் வருவதல்ல. கிளைகள், இணைப்புகள், தாங்கு அணுக்கள், நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் என்ற கொழுப்பு உறை ஆகியவற்றால் வருவது.

மூளையின் அளவை மரபணுக்கள் தீர்மானித்துவிடுகின்றனவா?

உயரத்தைப் போலவே பெருமளவு ஆம். இரட்டையர் ஆய்வுகள் அதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஏஎஸ்பிஎம் என்ற மரபணு இரு பிரதிகளிலும் பழுதானால் நரம்பணுக்களை உண்டாக்கும் மூல அணுக்கள் போதிய முறை பிரியாமல் போய், மூளை மிகச் சிறியதாகிறது. மறுபுறம், மனிதப் பரம்பரையில் மட்டும் காணப்படும் ஏஆர்எச்கேப்11பி என்ற மரபணு அந்த மூல அணுக்களைப் பெருக்குகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2015-இல் அதை எலிக் கருவில் செலுத்தியபோது, வழவழப்பாக இருக்க வேண்டிய எலி மூளையில் சில இடங்களில் மடிப்பு தோன்றியது.

ஆனால் மரபணு காரணம் என்றால் மாற்ற முடியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வேன். ஃபினைல்கீட்டோனூரியா என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934-இல் இதை விவரித்தார். ஒரே ஒரு நொதி பிறவியிலேயே இல்லாததால், சாதாரணப் புரத உணவிலுள்ள ஃபினைல்அலனின் உடலில் சேர்ந்து மூளையைச் சிதைக்கும். முழுக்க மரபணு நோய்தான். ஆனால் பிறந்த சில நாட்களில் குதிகாலிலிருந்து எடுக்கும் சில சொட்டு இரத்தத்தில் இதைக் கண்டுபிடித்து, உடனே உணவை மாற்றினால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். பிறவித் தைராய்டு குறைபாடும் இப்படித்தான்: முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை தப்பிக்கிறது, மாதக்கணக்கில் தாமதித்தால் இழப்பை ஈடுசெய்ய முடிவதில்லை. குதிகால் இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவமனையில் கேட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கர்ப்ப காலத்தில் எந்தச் சத்துக்குறைவு மூளையை அதிகம் பாதிக்கிறது?

அயோடின். தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கு உலகில் முதன்மையான காரணம் அயோடின் குறைவுதான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. தைராய்டு ஹார்மோனுக்கு அயோடின்தான் மூலப்பொருள். அந்த ஹார்மோன் இல்லாமல் நரம்பணுக்கள் இடம்பெயர்வதும் மயலின் உறை உருவாவதும் தடைபடும். முதல் மூன்று மாதங்களில் கருவின் தைராய்டு சுரப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்காது. தாயிடமிருந்து வருவதுதான் அதற்கு எல்லாம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. ஒரு சிட்டிகை உப்பின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்தச் சிறு அளவு கிடைக்காததால், ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் காது கேளாமலும் வளர்ச்சி குன்றியும் பிறந்தனர். சுவிட்சர்லாந்து 1922-இல் உப்பில் அயோடினைச் சேர்க்கத் தொடங்கியதும் அந்த நிலை மாறியது. மூளைக்காக மனிதகுலம் செய்த செயல்களில் இதைவிட மலிவானதும் பெரியதும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது இரும்பு. கருவின் கடைசி மாதங்களிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் இரும்புச்சத்துக் குறைந்தால் நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியும் மயலின் உறையும் பாதிக்கப்படும். பிறகு இரத்தசோகையைச் சரிசெய்தாலும் கவனத்திலும் கற்றலிலும் சில குறைகள் நீடிப்பது உண்டு.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

மது. கருவில் மதுவால் ஏற்படும் பாதிப்புக்கு 1973-இல் தனிப் பெயர் சூட்டப்பட்டது. சிறிய தலை, முகத் தோற்றத்தில் மாற்றம், கற்றல் குறைபாடு ஆகியவை அதன் அடையாளங்கள். கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்று நிறுவப்பட்ட மது அளவு எதுவும் இல்லை. புகையும் அப்படியே.

தொற்றுகளில் ருபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மையைத் தடுப்பூசி தடுக்கும். ஆனால் கருவுறுவதற்கு முன்பே அதைப் போட்டிருக்க வேண்டும். 2015-இல் பிரேசிலில் மிகச் சிறிய தலையுடன் குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தபோது, கொசு பரப்பும் ஜிக்கா வைரஸ் கருவின் நரம்பு மூல அணுக்களையே தாக்கிக் கொல்வது தெரியவந்தது.

ஈயமும் பாதரசமும் இன்னொரு வகை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை. பழைய பெயின்ட், பேட்டரி உருக்கும் இடங்கள், மாசுபட்ட மண் வழியாக அது குழந்தைகளின் உடலுக்குள் போகிறது. ஈயம் கலந்த பெட்ரோலை உலகம் முழுவதுமாகக் கைவிட 2021 வரை ஆயிற்று. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன்களில் சேர்ந்தது. 1956-இல் நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. தனக்கு லேசான அறிகுறிகூடத் தெரியாத தாய்க்குக் கடுமையான மூளைப் பாதிப்புடன் குழந்தை பிறந்தது. நஞ்சை நஞ்சுக்கொடி தடுத்து நிறுத்திவிடும் என்ற அதுவரையிலான நம்பிக்கை அங்கே உடைந்தது.

மருந்துகளில் வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கருவின் மூளைக்கு அது தீங்கானது. ஆனால் அதைத் தாமாக நிறுத்துவதும் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசி மாற்று மருந்துக்குப் போவதுதான் வழி.

குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தையின் மூளை?

34-ஆம் வாரத்தில் மூளையின் எடை, முழு மாதத்தில் இருக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. கருப்பையில் நடந்திருக்க வேண்டிய வளர்ச்சி வெளிச்சம், இரைச்சல், ஊசிகளுக்கு நடுவே நடக்கிறது. மயலின் உறையுள்ள நரம்பிழைகளாலான வெண்பொருளை உண்டாக்கும் அணுக்கள் அந்த வாரங்களில் மிக மென்மையானவை. எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறதோ அவ்வளவு ஆபத்து. ஆனாலும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். பிரசவத்துக்கு முன் தாய்க்குத் தரும் ஸ்டீராய்டு ஊசியும் மக்னீசியம் சல்ஃபேட்டும், பிறந்த பின் தாயின் வெறும் மார்போடு குழந்தையை அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பும் பலன் நிரூபிக்கப்பட்டவை.

குழந்தையின் தலைச்சுற்றளவு குறைவு என்று சொன்னார்கள். பயப்பட வேண்டுமா?

ஒரே ஒரு அளவைக் கொண்டு பயப்பட வேண்டாம். முழு மாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். ஓராண்டில் சுமார் 46. நாடா சற்று மேலேயோ கீழேயோ போனால் ஒரு சென்டிமீட்டர் மாறிவிடும். மருத்துவர் பார்ப்பது வளைகோட்டை: பல மாத அளவுகள் ஒரே பாதையில் போகின்றனவா, பாதையை விட்டு இறங்குகின்றனவா, ஏறுகின்றனவா? சீராக ஓரமாகவே செல்லும் சிறிய தலை பெரும்பாலும் குடும்பத் தோற்றம். தாய் தந்தையின் தலையையும் அளந்து பாருங்கள். பல கவலைகள் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

மண்டையோடு மூளையைச் சிறையிடுவதில்லை. வழக்கமாக மூளை வளர்ந்துதான் மண்டையோட்டைத் தள்ளுகிறது. மண்டை எலும்புப் பொருத்துகள் முன்கூட்டியே இணைந்துவிடுவது விதிவிலக்கு. அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. பெரிய தலை என்பதும் பெரிய மூளை என்று பொருள்படாது. உள்ளே நீர் தேங்கியும் இருக்கலாம்.

நல்ல உணவு மட்டும் போதுமா?

போதாது. இதைச் சொல்லும் சான்றுகளைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி 1989-இல் வீழ்ந்தபோது, காப்பகங்களில் பல்லாயிரம் குழந்தைகள் தொட்டில்களில் கிடந்தது உலகுக்குத் தெரிந்தது. பால்புட்டி கிடைத்தது, தூக்கிக் கொஞ்ச யாரும் இல்லை. 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புகாரெஸ்டில் 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்களின் பேச்சும் நுண்ணறிவும் மூளை மின்அலைகளும் பெரிதும் மீண்டன. பிந்தியவர்களுக்கு மீட்சி குறைவு. இப்படிக் குலுக்கிப் பிரித்தது சரியா என்ற கேள்வி இன்றும் விவாதத்தில் இருக்கிறது. அப்போது அந்த நகரில் வளர்ப்புக் குடும்ப முறையே ஏறக்குறைய இல்லை என்பதையும் சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். அந்தக் காப்பகங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போனவர்களை இளவயதில் ஸ்கேன் செய்த வேறொரு ஆய்வு 2020-இல் வெளியானது. நல்ல குடும்பங்களில் இருபது ஆண்டுகள் வளர்ந்த பிறகும் அவர்களின் மூளை சராசரியில் 8.6 சதவீதம் சிறியதாக இருந்தது. உணவுக் குறைவை மட்டும் கொண்டு அதை விளக்க முடியவில்லை.

இன்னொரு சான்று நம்பிக்கை தருவது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980-களில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவர், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். சிலருக்குக் கூடுதல் ஊட்டம். சிலரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய், கையில் கிடைப்பதைக் கொண்டு செய்த பொம்மைகளால் குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார். சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் மட்டுமே இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஊட்டத்தின் தனிப் பலன் மங்கியிருந்தது. விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தனர்.

குழந்தை ஒலி எழுப்பும்போது பதில் ஒலி எழுப்புவது, அது பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்வது, அழும்போது தூக்குவது. வீட்டில் நடக்கும் இவை எல்லாம் மூளை வளர்ச்சியின் மூலப்பொருட்களே.

மொசார்ட் இசை, கல்வி வீடியோக்கள் மூளையை வளர்க்குமா?

மொசார்ட் கதை 1993-இல் 36 கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சோதனையிலிருந்து கிளம்பியது. அதில் குழந்தைகளே இல்லை. கிடைத்த பலனும் கால்மணி நேரத்தில் மறைந்தது. தாலாட்டுப் பாடுங்கள், இசை இனியது என்பதற்காக. வீடியோவைப் பொறுத்தவரை, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும் 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

மூன்று வயது கடந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை. சில சாளரங்கள் மட்டுமே சீக்கிரம் மூடுகின்றன. பார்வை அதில் ஒன்று. நரம்பியல் ஆய்வாளர்கள் ஹூபலும் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்து, பிறகு திறந்தாலும் மூளை அந்தக் கண்ணை ஏற்பதில்லை என்று காட்டி 1981-இல் நோபல் பரிசு பெற்றனர். பிறவிக் கண்புரையைச் சில வாரங்களுக்குள் அகற்ற அவசரப்படுவது இதனால்தான். ஆனால் படிப்பதற்கும், கணக்குக்கும், இசைக் கருவிக்கும் அப்படிப்பட்ட கதவு கிடையாது.

குழந்தை மூளை முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கி, பயன்படாதவற்றைப் பிறகு கழித்துவிடுகிறது. முன்னந்தலைப் பகுதியில் இந்தக் களையெடுப்பு பதின்பருவம் முழுவதும் நடக்கிறது. 2022-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களைத் தொகுத்த ஆய்வில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்நிறப் பொருளின் கொள்ளளவு ஆறு வயதை ஒட்டியும் வெண்பொருளின் கொள்ளளவு 29 வயதை ஒட்டியும் உச்சம் தொட்டன. 25 வயதில் மூளை முழுமையாகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு அப்படி ஒரு துல்லியமான எல்லை எதுவும் இல்லை.

வளர்ந்த பிறகு மூளையின் அளவு மாறுமா?

சில பகுதிகளில் மாறும். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை நரம்பியல் ஆய்வாளர் எலினர் மெக்வயர் 2000-இல் காட்டினார்; பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்த 2011 ஆய்வில், தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டுமே அது வளர்ந்திருந்தது. முதுமையில் மூளை மெல்லச் சுருங்குவது இயல்பு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மது, புகை ஆகியவை அதை விரைவுபடுத்துகின்றன.

எந்த அறிகுறிகளுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கைக்குழந்தையின் உச்சிக்குழி, அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் புடைத்திருப்பது. தலை வேகமாகப் பெரிதாவது, அதோடு வாந்தி, மந்தம், கண்மணிகள் கீழ்நோக்கியே நிற்பது. வலிப்பு. பிறந்த குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தெரிவது. பெரிய சத்தத்துக்கும் அசையாமல் இருப்பது. எந்த வயதிலும், ஏற்கெனவே பேசிய சொற்களையோ கற்ற அசைவுகளையோ குழந்தை இழப்பது. இதில் 'கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.